தேனுகாவின் சிவப்புக் கோடு

மார்ச் 4

தமிழ்த்தினப் போட்டியில் தனி இசைக்குத் தேனுகா. நான் இல்லை. சங்கீதம் படிப்பிக்கும் நேசமலர் ரீச்சர் அவள் பெயரைச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பவே இல்லை.

சங்கீதப் பரீட்சையில் எனக்குத் தொண்ணூற்றைந்து, அவளுக்கு ஐம்பத்திரண்டு. ஒவ்வொரு சனிக்கிழமையும் விசுவமடுவிலிருந்து கிளிநொச்சிக்கு பஸ்ஸில் நசிபட்டுப் போய்ப் பாட்டுப் படிக்கிறவள் நான். அவள் எங்கேயும் படிப்பதில்லை. மாட்டுக்குப் புல் அறுக்கும்போது பாடுவாளாம். அவ்வளவுதான்.

இடைவேளையில் ரீச்சரிடம் நேரே போய்க் கேட்டேன். "உம்மட பாட்டில பிழை ஒண்டும் இல்லை, யதுர்ஷிகா. எண்டாலும் தேனுகாவே போகட்டும்" என்றார். பிழை ஒன்றும் இல்லையென்றால் பிறகென்ன "எண்டாலும்"?

மார்ச் 9

அம்மாவின் போனில் ஒரு செயலி இறக்கினேன். நாம் பாடப் பாடக் குரல் ஒரு கோடாகத் திரையில் ஓடுகிறது. சுரங்களுக்கு ஏணிப்படி போலக் கட்டங்கள். கோடு படியில் நின்றால் பச்சை, விலகினால் சிவப்பு. முடிவில் நூற்றுக்கு எத்தனை என்று புள்ளியும் போடுகிறது.

போட்டிப் பாட்டு தோடி ராகம். கதவைச் சாத்திவிட்டு முழுவதும் பாடினேன். பச்சை, பச்சை, பச்சை. நூற்றுக்குத் தொண்ணூற்றாறு!

மெசினுக்குச் செல்லப்பிள்ளை இல்லை.

"போனைக் கொண்டுவாடி, சார்ஜ் முழுக்க முடிச்சுப் போடுவாய்" என்று அம்மா குசினியிலிருந்து சத்தம் போட்டார். கொடுக்க மனமே வரவில்லை.

மார்ச் 12

தேனுகா பாடியதை ரீச்சர் ஒலிப்பதிவு செய்து வகுப்பு வட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார். "எல்லாரும் கேளுங்கோ" என்று வேறு எழுதியிருந்தார். கேட்டேன். அண்ணாவின் போனில் அதை ஓடவிட்டு, பக்கத்தில் செயலியைத் திறந்து வைத்தேன்.

நாற்பத்தொன்று.

முழுக்கச் சிவப்பு. முக்கியமாகக் காந்தார சுரத்தில் அவள் நிற்கவே இல்லை. ரிஷபத்துக்குச் சரிகிறாள், மத்திமத்துக்கு ஏறுகிறாள், மறுபடி சரிகிறாள். மண்ணில் பாம்பு போன தடம் போல ஒரு கோடு. எனது கோடு அடிமட்டம் வைத்துக் கீறியது போல.

இரண்டையும் ஒரே படமாக்கினேன். "மேலே நான். கீழே போட்டிக்குப் போகிறவர்" என்று படத்திலேயே எழுதிக் குழுவில் போட்டேன். எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். போட்டாயிற்று.

மார்ச் 13

விதுசன் கரும்பலகையில் கோணல் கோடு கீறி, "தேனுகாவுக்கு ஈசிஜி எடுத்திருக்கு, ஆள் தப்பாது" என்றான். வகுப்பே சிரித்தது. நானும்தான்.

ரீச்சர் குழுவிலிருந்து படத்தை அழித்துவிட்டு என்னை எழுப்பினார். "பாட்டைக் கண்ணாலையோ கேக்கிறது? இரும் அங்கை." ஏன் பிழை என்று ஒரு சொல் சொல்லவில்லை. சொல்ல ஏதும் இருந்தால்தானே?

தண்ணீர்க் குழாயடியில் தேனுகா மறித்தாள். "வெக்கமில்லையோடி உனக்கு?"

"மெசின் சொன்னது. நான் சொல்லேல்லை."

பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால் என் சைக்கிள் விழுந்து கிடக்கிறது. மணி நெளிந்துவிட்டது. வேறு யார் செய்வது? கோபம் வந்துவிட்டது அல்லவா. அப்படியானால் உண்மை சுட்டிருக்கிறது.

மார்ச் 20

அவள் என்னோடு கதைப்பதில்லை. எனக்கும் ஒரு அவசரமும் இல்லை.

ஏப்ரல் 3

ரீச்சருக்கு டெங்கு. வைத்தியசாலையில் இருக்கிறாராம். "தேனுகாவுக்குப் பழக்கத் தேவையில்லை, அவள் பாடுவாள்" என்று அங்கிருந்தும் சொல்லி அனுப்பியிருக்கிறார். அந்த நிலையிலும்!

ஏப்ரல் 8

தேனுகாவும் அதே செயலியை இறக்கியிருக்கிறாள். மாட்டுக்கொட்டில் கப்புத் தூணில் போனைக் கட்டிவிட்டு நாள் முழுக்கப் பாடுகிறாள் என்று விதுசன் சொல்லிச் சிரித்தான். பாடட்டும். தன் சிவப்பைத் தானே பார்க்கட்டும்.

ஏப்ரல் 26

வலயப் போட்டி. குழு இசையில் பின்வரிசையில் நிற்க என்னையும் கூட்டிப்போனார்கள். ரீச்சர் மெலிந்துபோய், முதல் வரிசைக் கதிரையில்.

தேனுகா தொடங்கினாள். முன்னால் போன் இருப்பது போலவே ஒரே இடத்தைப் பார்த்துப் பாடினாள். காந்தாரம் வந்தது. நின்றாள். அசையவே இல்லை. அடுத்த முறையும் அப்படியே, இழுத்துக் கட்டிய கம்பி போல. இது பச்சை என்று எனக்குத் தெரிந்தது. நான் சந்தோசப்பட வேண்டும். ஆனால் உடம்பு கூசியது. அந்த ஒலிப்பதிவில் இதே இடம் வந்தபோது நிறுத்தி மூன்று தரம் திருப்பிக் கேட்டேன். மார்ச் 12 அன்று அதை நான் இங்கே எழுதவில்லை.

நடுவர் எல்லோருக்கும் கேட்கவே சொன்னார்: "பிள்ளைக்கு நல்ல குரல். தோடி எங்கை போட்டுது? காந்தாரத்துக்கு ஆர் ஆணி அடிச்சது?"

இடம் இல்லை. மூன்றாமிடம்கூட இல்லை.

ரீச்சர் தேனுகாவைப் பார்க்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார்.

ஏப்ரல் 27

கம்பிதம் என்ற கமகம்: சுரத்தை அசைத்துப் பாடுவது. பத்துக் கமகங்களும் எனக்கு மனப்பாடம். தோடியின் காந்தாரம் அசைந்தே வரும் என்றும் பரீட்சையில் எழுதினேன். முழுப் புள்ளி.

எழுதத் தெரிந்தது. பார்க்கும்போது ஏன் தெரியவில்லை? மூதேவி. நான்தான்.

ஏப்ரல் 29

தேனுகாவிடம் போனேன். "நீ முந்திப் பாடினதுதான் சரி. அந்தப் போன் அப் எங்கட பாட்டுக்குச் செய்ததில்லை. அதை அழி."

"எனக்கு இப்ப தொண்ணூறு வருது. எரியுதோ?"

"நடுவர் சொன்னதைக் கேட்டனிதானே?"

"அந்தாள் தன்ர ஊர்ப் பெட்டைக்கு முதலிடம் குடுத்தவர். எல்லாருக்கும் தெரியும்."

"சத்தியமாச் சொல்லுறன், தேனுகா —"

"அண்டைக்கு மெசின் சொன்னது எண்டாய். இண்டைக்கும் அதுதான் சொல்லுது. இப்ப மட்டும் பிழையோ? போடி."

அறைந்திருக்கலாம் அவளை. அல்லது என்னை.

மே 5

காலைப் பிரார்த்தனையில் தேனுகா தேவாரம் பாடினாள். படி படியாக, நேராக. முடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அடுத்த ஆண்டு தனி இசைக்கு என்னைத் தயாராகச் சொன்னார் ரீச்சர்.

பின்னேரம் அந்தக் காந்தாரத்தை அவள் முன்பு பாடியது போல அசைத்துப் பார்த்தேன். வரவில்லை. பச்சைதான் விழுந்தது. செயலியை அழித்தேன்.

பிறகு அண்ணாவின் போனில் இருந்த அவளுடைய பழைய ஒலிப்பதிவை எடுத்து, "இதைக் கேள்" என்று மட்டும் எழுதி அவளுக்கு அனுப்பினேன். உடனே பார்த்துவிட்டாள். கேட்கும் அளவுக்கு நேரம் போகவில்லை, பதில் வந்துவிட்டது.

ஒரு படம். ரீச்சர் அழித்த அதே படம், அவள் சேமித்து வைத்திருந்தது. மேலே நான். கீழே போட்டிக்குப் போகிறவர்.