சான் தெலெஸ்போரோ குருமனையின் சிப்பிச் சன்னல்கள்

அனுப்புநர்
ஜெசெல் லுமாயாக்,
பங்குப் பள்ளி நூலகர்,
சான் தெலெஸ்போரோ, விசாயாஸ் தீவுகள், பிலிப்பைன்ஸ்.

பெறுநர்
மரபுக் கட்டடப் பாதுகாப்பு அலுவலர் அவர்கள்.

பொருள்: குருமனையில் எஞ்சிய சிப்பிச் சன்னல்களைக் காக்க வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பங்குக் கூட்டத்தன்று நான் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். பங்குத்தந்தை வசிக்கும் ஸ்பானியர் காலத்துக் குருமனையில், மரச்சட்டத்தில் மெல்லிய சிப்பித் தகடுகள் பதித்த தெற்குப் பக்கச் சன்னல்களைக் கழற்றியது புதுப்பித்தல் அல்ல, இடிப்பு என்று நான் சொல்லவில்லை. கழற்றச் செய்தவர், ஞானஸ்நானத்தில் என்னை ஏந்திய என் ஞானத்தாய் திருமதி பெர்பெத்துவா ஒமாகாய். என்னைப் படிக்க வைத்தவர்.

2. எங்கள் ஊரில் அந்தந்த ஆண்டின் திருவிழாத் தலைவி, தன் பெயர் பொறித்து ஏதாவது கோயிலுக்குத் தர வேண்டும். முந்தைய தலைவி தந்ததைவிடப் பெரிதாக. குருமனையின் பவளப்பாறைக் கல் சுவருக்குச் சிமெண்டு பூசியது இப்படித்தான். ஈரம் வெளியேற வழியில்லாமல் கல் உள்ளுக்குள் பொடிகிறது. அடுத்த தலைவி மரத்தரையை டைல்ஸால் மூடினார். இந்த ஆண்டுத் தலைவி என் ஞானத்தாய்; அவர் தந்தது கண்ணாடி போட்ட அலுமினியச் சன்னல். ஒவ்வொரு கண்ணாடியிலும் ‘ஒமாகாய் குடும்பத்தார் அன்பளிப்பு’. பழையவை பழம்பொருள் வியாபாரியின் லாரியில் போய்விட்டன.

3. குருமனையின் மாடிக் கூடம்தான் எங்கள் பள்ளி நூலகம்; பிள்ளைகள் அங்கேதான் படிக்கிறார்கள். சிப்பிச் சன்னலைச் சாத்தினாலும் வெளிச்சம் வரும், வெயில் சுடாது. சன்னலுக்கு அடியிலுள்ள சிறுகதவுகள் வழியே காற்று வரும். இப்போது கண்ணாடி வழியே வெயில் சுடுவதால் தெற்குப் பக்கம் உட்கார முடியாமல் எல்லோரும் கிழக்கில் நெருக்கியடிக்கிறார்கள். கூட்டத்தில் புழுக்கத்தைப் பற்றி மட்டும் கேட்டேன். ஞானத்தாய் சொன்னது: “காத்து வரலையாடி? அடுத்த வருசம் ஏசி மாட்டிக் குடுக்கறேன். அதுலயும் எம் பேரு இருக்கும்!” எல்லோரும் சிரித்தார்கள். பங்குத்தந்தையும் சிரித்துவிட்டு, “குடுக்கறவங்கள கேள்வி கேக்கலாமாம்மா?” என்றார். உட்கார்ந்துவிட்டேன்.

4. இப்போது அழைப்பிதழ் வந்திருக்கிறது. கிழக்குப் பக்கமும் மாற்றப்பட்டு, ஜனவரி 5, திருவிழாவன்று திறப்பாம். ரிப்பன் வெட்டுபவர் என்று தங்கள் பெயர் அச்சாகியுள்ளது. தங்கள் அனுமதியின்றி இவ்வீட்டில் எதையும் மாற்றக் கூடாது என்பது சட்டம். அனுமதி கேட்டவர் யாரும் இல்லை என்றே அறிகிறேன். தாங்கள் ரிப்பனை வெட்டினால் அதுவே அனுமதியாகிவிடும்.

ஆகவே, கிழக்குச் சன்னல்களைக் கழற்றுமுன் தடையாணை பிறப்பிக்க வேண்டுகிறேன். அது இயலாதெனில், விழாவுக்கேனும் வராதிருக்க வேண்டுகிறேன். என் பெயரை மறைக்கும்படி கேட்கவில்லை. எப்படியும் தெரிந்துவிடும்.

இடம்: சான் தெலெஸ்போரோ
நாள்: டிசம்பர் 18
(ஒப்பம்) ஜெ. லுமாயாக்

என் நகலில் பின்னர் எழுதியது: ஜனவரி 5. அலுவலர் வந்தார். ரிப்பனை வெட்டினார். அன்று மதியம் புத்தக அலமாரிகளை மாடியிலிருந்து கீழே சரக்கறைக்கு இறக்கினோம்.