அம்மாவின் வாளிக்கு வெள்ளிச் சாயம்

ஈப்போ
3.6.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம்தானே? அண்ணி கொடுத்தனுப்பிய முறுக்கு தீர்ந்துவிட்டது. இந்தச் சண்டையை வாட்சாப்பில் போட்டால் குடும்பக் குழுவே நடுவராக வந்து உட்காரும், அதனால் கடிதம்.

ரப்பர் தோட்டத்தில் அம்மா பால் சுமந்த வாளியைக் கண்காட்சிக்குக் கேட்டேன். வாளி வந்தது. துரு எங்கே? காய்ந்து ஒட்டியிருந்த ரப்பர் பால் எங்கே? அம்மாவுக்குத் தோட்டத்தில் கொடுத்த எண் எங்கே? எல்லாவற்றின்மேலும் வெள்ளிச் சாயம் அடித்து, சிவப்பில் ‘திருமதி முத்தம்மா’ என்று எழுதியிருக்கிறீர்கள்.

கண்காட்சி நம் ஆட்கள் கப்பலேறி இந்த நாட்டுக்கு வந்ததைப் பற்றியது. பின்னால் காணொளி ஓடும், வாளிக்குள்ளிருந்து பால்மரக் காட்டின் ஓசை வரும், முன்னால் ஒருத்தி ஆடுவாள். ஏற்பாட்டாளர் வாளியைச் சுற்றி வந்து, “இதில் வலியே இல்லையே” என்றார். சாயத்தைச் சுரண்டிவிடட்டுமா?

அன்புத் தங்கை,
துளசி

பாகான் டத்தோ
9.6.2024

அன்புத் தங்கைக்கு,

முறுக்கு மறுபடி வரும். சாயம் சுரண்டக் கூடாது.

அம்மா உயிரோடிருந்தால், நாலு பேர் பார்க்க வரும்போது அழுக்குச் சேலையோடு வந்து நிற்பாளா? விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் போய் நிற்பதற்கே பவுடர் பூசியவள். அந்த எண்ணைத் தோட்டத்து ஆபீஸ் கிராணி எழுதினான். பெயரை அவள் மகன் நான் எழுதினேன். ஏற்பாட்டாளருக்கு வலிதான் வேண்டுமென்றால் என் முதுகைப் படம் எடுத்துக்கொள்ளட்டும். செம்பனைக் குலை தூக்கித் தூக்கி நன்றாகவே வலிக்கிறது.

சுரண்டுவதாக இருந்தால் வாளியைத் திருப்பி அனுப்பு. திறப்பு விழாவுக்கும் என்னை எதிர்பார்க்காதே.

அண்ணன்,
மாயாண்டி

ஈப்போ
20.6.2024

அண்ணே,

சுரண்டவில்லை. ஓர் ஓரத்தில் கத்தியை வைத்தேன். அம்மா முறைப்பது போலிருந்தது. எடுத்துவிட்டேன்.

வாளியே வேண்டாமென்று ஏற்பாட்டாளர் கூட்டத்துக்கு மேல் கூட்டம் போட்டார். “வாளி இல்லையென்றால் என் காணொளியும் இல்லை, ஆட்டமும் இல்லை” என்றேன். இப்போது வாளி மண்டபத்தின் நடுவில் நிற்கிறது. பெயர்ப்பலகையில் கலைஞர்கள் இருவர்: துளசி, மாயாண்டி. நீங்கள் வராவிட்டால் பாதிக் கலைஞர் இல்லாமல்தான் திறக்க வேண்டும்.

துளசி

பாகான் டத்தோ
2.7.2024

அன்புத் தங்கைக்கு,

திறப்பு விழா முடிந்து பத்திரமாக வீடு வந்து சேர்ந்தோம். தோட்டம் மூடி ஆளுக்கொரு பக்கம் போன பிறகு, தோட்டத்து ஆட்கள் எல்லோரும் ஒரே வேனில் ஏறியது அன்றுதான்.

நீ உள்ளே பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தாய். வாசலில் நடந்தது உனக்குத் தெரியாது. அம்மாவோடு பால் வெட்டிய இருளாயி அக்கா நின்றுவிட்டாள். “நம்ம முத்தம்மா நிக்கிறா லா, செருப்போட எப்டி போறது?” என்று கழற்றினாள். நாங்களும் கழற்றினோம். அதைப் பார்த்துக் கோலாலம்பூரிலிருந்து கண்காட்சி பார்க்க வந்தவர்களும் கழற்றினார்கள். ஏற்பாட்டாளர் குனிந்து, மூச்சு வாங்கி, சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தார். அதுவும் உன் கலையில் சேர்த்தி என்று நினைத்திருப்பார்.

நான் திருத்தவில்லை. கலைஞர்களில் ஒருவன் என்ற முறையில் எனக்கு அந்த உரிமை உண்டு.

உன் அண்ணன்,
மாயாண்டி