சிறுவர் மன்றத்தில் நீட்டிய விசிட்டிங் கார்டு

கவாசாகி,
ஜூன் 14

அன்புள்ள யுகாரிக்கு,

நீயும் வயிற்றுக்குள் இருக்கும் சின்னதும் நலமாக இருக்க வேண்டும். நானும் மாயுவும் இங்கே நலம். இதை இன்றைக்குத்தான் மனம் கூசாமல் எழுத முடிகிறது.

முதலில் ஒரு மன்னிப்பு. நீ ஆஸ்பத்திரியில் படுத்த நாளிலிருந்து போனில் தினமும், "மாயு நல்லா சாப்பிடுறா, நல்லா பேசுறா" என்று அளந்தேனே, அத்தனையும் பொய். ஆறு நாளாக நம் மகள் பாலையும் வாழைப்பழத்தையும் தவிர எதையும் தொடவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை. உன் தலையணையை இழுத்துக்கொண்டு வீடெல்லாம் திரிந்தாள். சின்னப் பிள்ளைகளை உன் வார்டுக்குள் விடமாட்டார்கள். இவளை விட்டுவிட்டு நானும் வர முடியாது. பயந்துபோய் ஹமாமட்சு ஊரில் இருக்கும் அண்ணிக்குப் போன் போட்டு, "வந்து கூட்டிட்டுப் போங்கண்ணி, என்னால முடியல" என்று சொல்லிவிட்டேன். சனிக்கிழமை வருவதாக இருந்தார்.

நேற்று விடாத மழை. வீட்டுக்குள் இருந்தால் எனக்கே பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. நீ மாயுவோடு வாரம் தவறாமல் போகும் சிறுவர் மன்றத்துக்கு அவளைத் தூக்கிக்கொண்டு போனேன். "அங்க என்ன, அரட்டைதானே?" என்று உன்னைக் கிண்டல் செய்தவன்தான் நான்.

போனதும் என்ன செய்தேன் தெரியுமா? சிரிக்காதே, வயிறு குலுங்கக் கூடாது. பதினைந்து வருடப் பழக்கம், கை தானாகச் சட்டைப்பைக்குப் போய்விட்டது. பாயில் மண்டியிட்டு, தலை குனிந்து, அங்கிருந்த தாய்மார் ஒவ்வொருவருக்கும் இரண்டு கைகளாலும் விசிட்டிங் கார்டை நீட்டினேன். குழாய் விற்பனைப் பிரிவு, துணை மேலாளர்! ஒரு கைக்குழந்தை அதை வாங்கி வாயில் போட்டுக்கொண்டது. உன் சிநேகிதி, சுமிரேயின் அம்மா, சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "இதெல்லாம் இங்க செல்லாதுங்க மேனேஜர் சார். முதுகக் காட்டுங்க" என்று சொல்லி, பிள்ளைகள் முதுகில் பெயர் எழுதி ஒட்டுகிற டேப்பில் 'மாயு அப்பா' என்று எழுதி ஒட்டிவிட்டார். எல்லோரும் உன்னைத்தான் விசாரித்தார்கள்.

மதியம் டப்பாவைத் திறந்தேன். நான் பிடித்த சோற்றுருண்டைகள், ஒவ்வொன்றும் செங்கல். மாயு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் அவள் வாயையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். மன்றத்தில் வேலை பார்க்கும் ஒகுதா அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "மாயு அப்பா, உங்க சாப்பாடு எங்க?" என்று கேட்டார். பசிக்கவில்லை என்றேன். "எத்தன நாளா?" என்றார். நான் டப்பா மூடியைத் துடைக்க ஆரம்பித்தேன். "நீங்களும் சாப்பிடாம, அவ வாயையே முறைச்சுப் பாத்துட்டிருந்தா, என்னமோ ஆயிருச்சுன்னுதானே பிள்ள நினைக்கும்? மொதல்ல நீங்க சாப்பிடுங்க" என்று டப்பாவை என் பக்கம் தள்ளினார்.

ஒன்றை எடுத்துக் கடித்தேன். ஆறு நாளில் அப்போதுதான் நாக்கில் உப்பு தெரிந்தது. இன்னொன்றுக்குக் கையை நீட்டினேன். பட்டென்று ஓர் அடி விழுந்தது.

"அது மாயுவோடது!"

கூடமே திரும்பிப் பார்த்தது. மீதி மூன்று உருண்டையையும் தின்று தீர்த்தாள், யுகாரி! மூக்கில் சோறு, கன்னத்தில் சோறு. பிறகு, "டீ வேணும்" என்றாள். பதினொரு பெண்களுக்கு நடுவில் நான் தேம்பித் தேம்பி அழுதேன். எல்லோரும் அவரவர் பிள்ளையின் காலுறையைச் சரிசெய்கிற பாவனையில் குனிந்துகொண்டார்கள். அந்தப் புண்ணியவதிகளுக்கு எப்படி நன்றி சொல்வேன்? அவர்களைத் தேடி வைத்தது நீ. உனக்கும்தான் நன்றி.

அண்ணியை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மாயு என்னோடுதான் இருப்பாள். இன்றைக்கும் மன்றத்துக்குப் போனோம். ஓயாமல் பேசுகிறாள், காது வலிக்கிறது.

அதனால் இங்கே என்ன ஆகுமோ என்று மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. டாக்டர் சொன்ன ஏழு வாரமும் எழுந்திருக்காதே. பதில் எழுதக்கூட எழுந்து உட்காராதே. சின்னதிடம் அவசரமே இல்லை என்று சொல். எத்தனை நாளானாலும் பரவாயில்லை, இரண்டு பேரும் வந்து சேருங்கள் யுகாரி. இரண்டு பேரும்.

வழி பார்த்திருக்கும்,
உன் கென்சுகே