இரண்டு சொல்லில் முடித்தது

அக்கா,

நேற்று என் குளிர்கால ஜக்கெற்றைத் தோய்க்க எடுத்தபோது உள்பைக்குள் நாலாக மடித்த தாளொன்று இருந்தது. டொக்டர் உங்களுக்குத் தந்த கேள்வித்தாள். நோர்வேஜிய வரிகளுக்கு மேலே பென்சிலால் நான் எழுதிய தமிழ். ‘முன்பு விரும்பியவற்றில் இப்போது நாட்டமில்லையா?’ என்பதற்கு எதிரே, தாள் கிழியுமளவுக்கு அழுத்தி நீங்கள் போட்ட கோடு.

ஒரே முதியோர் இல்லத்தில்தான் இருவருக்கும் வேலை. நீங்கள் சமையலறை, நான் மேல்மாடியில் பராமரிப்பு. ரொம்மன் பகுதியில் வீடுகளும் பக்கத்துப் பக்கத்துக் கட்டடம். நீங்கள் சுகமில்லாமல் டொக்டரிடம் போக வேண்டி வந்தபோது, மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்யவா என்று கேட்டார்கள். “வேண்டாம், வாறது எல்லாம் தெரிஞ்ச ஆக்கள். நீ வா” என்றீர்கள். வந்தேன்.

கவலையாக இருக்கிறதா என்று டொக்டர் கேட்டார். நீங்கள் யோசித்துச் சொன்னீர்கள்:

“கவலை எண்டு சொல்லேலாது. கவலை வந்தாலும் நல்லம். உள்ளுக்கை ஒண்டுமே இல்லை. மகள் ஃபோன் எடுத்தாலும், ஆரோ வீட்டுப் பிள்ளையோடை கதைக்கிற மாதிரிக் கிடக்கு.”

டொக்டர் என்னைப் பார்த்தார். “சரியான களைப்பு” என்றேன். நோர்வேஜிய மொழியில் இரண்டே சொல். உங்களைப் பைத்தியம் என்று எழுதிவிடுவார்களோ என்ற பயம் எனக்கு. இரத்தம் எடுத்தார்கள். இரும்புச்சத்து, தைராய்டு எல்லாம் சரி என்று வந்தது.

இரண்டு மாதம் அப்படியே போனது. ஒரு காலை, கீழே வரும்படி மேலாளர் என்னைக் கூப்பிட்டார். உடைமாற்றும் அறையில் ஒரு காலில் மட்டும் சப்பாத்தோடு நீங்கள் இருந்தீர்கள். ஒரு மணித்தியாலமாக அப்படியே இருந்தீர்களாம்.

“எழும்ப ஏலும். ஏன் எழும்பவேணும் எண்டுதான் விளங்கேல்லை.”

அன்றைக்கே திரும்பவும் டொக்டரிடம் போனோம். இந்தத் தாளை நிரப்பியது அப்போதுதான். நீங்கள் சொன்னதை ஒன்றும் விடாமல் சொன்னேன். மனச்சோர்வு நோய் என்றார் டொக்டர்.

“ரத்தத்திலை தெரியேல்லையே?” என்று கேட்டீர்கள்.

இதைக் காட்டும் இரத்தப் பரிசோதனை இல்லை என்றார். மூளையின் நரம்புக் கலங்கள் இரசாயனங்கள் மூலம் ஒன்றுக்கொன்று செய்தி கடத்துகின்றன. அவற்றில் செரட்டோனின் என்ற ஒன்றின் மேல், தான் எழுதித்தரும் மருந்துக் குளிசை வேலை செய்யும். முன்பு அது குறைந்துபோனதுதான் நோய் என்று சொல்வார்கள், விஷயம் அவ்வளவு லேசில்லை, சிலருக்குக் குளிசை ஏன் உதவுகிறது என்பதே முழுதாகத் தெரியாது என்றும் சொன்னார். நோயாளி சொல்வதைக் கேட்டுத்தான் நோயைத் தீர்மானிக்கிறோம் என்றார்.

நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். “அப்ப, நீ சொல்லுறதை வைச்சுத்தான் அவ முடிவெடுக்கிறாவோ?”

“ஓம் அக்கா. போன முறை நான் சரியாச் சொல்லேல்லை.”

“தெரியும். நான் எவ்வளவு சொன்னனான், நீ ரெண்டு சொல்லிலை முடிச்சிட்டாய். எனக்கும் அண்டைக்கு அது வசதியாத்தான் இருந்தது.”

குளிசை தொடங்கி முதல் கிழமைகளில் வயிற்றைப் பிரட்டியதைத் தவிர ஒன்றும் நடக்கவில்லை. ஆறாவது கிழமை ஃபோன் எடுத்தீர்கள். “மேல்வீட்டுக்காரன் சுவரிலை துளை போடுறான், விசர் பிடிக்குது!” முதலில் திரும்பி வந்தது கோபம்தான். குளிசையா, கிழமைக்கொரு தரம் மனநல ஆலோசகரிடம் போய்க் கதைத்ததா, பனி கரைந்து வெளிச்சம் கூடியதா, எது உதவியது என்று டொக்டராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கோடைக்கு முன்னர் வேலைக்குத் திரும்பினீர்கள்.

நாலு வருடம் நன்றாக இருந்தீர்கள். போன இலையுதிர் காலத்தில் மாரடைப்பு வந்தது.

செத்தவீடு முடிந்து ஒரு மாதத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து உங்கள் தங்கை அழைத்தா. அந்தக் குளிசையால்தானா என்று கேட்டா. உங்கள் மகளிடம் டொக்டர் அப்படியில்லை என்று சொன்னதைச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் தன் விஷயத்துக்கு வந்தா.

“எனக்கும் அக்காவுக்கு இருந்த மாதிரித்தான் கிடக்கு. அக்கா எடுத்த குளிசையின்ரை பேரைச் சொல்லுங்கோ, வாங்குறன்.”

“பேரைச் சொல்லமாட்டன். ஆஸ்பத்திரியிலை மனநலக் கிளினிக்குக்குப் போங்கோ.”

“அங்கை என்னத்தைச் சொல்லுறது?”

“உள்ளுக்கை கிடக்கிறதெல்லாத்தையும். சுருக்காதேங்கோ.”

போனா. இப்போது ஞாயிறுதோறும் என்னோடு கதைக்கிறா. இன்றைக்கு, குளிசை தொடங்கி மூன்றாவது கிழமையாகியும் ஒரு மாற்றமுமில்லை, விட்டுவிடப் போகிறேன் என்றா. இன்னும் கொஞ்சம் பொறுங்கோ என்றேன். “உங்களுக்கு என்ன தெரியும்?” என்று என்னைக் கேட்டா.

அந்த இரண்டு சொல்லில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன், அக்கா. நான் செய்ததையும் விடவில்லை.