குளியலறைக் கண்ணாடியில் ஆறு பொட்டுகள்

ஸ்ட்ரெதம், லண்டன்
29 யூன் 2025, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மயூராவுக்கு,

போன இரண்டு கடிதங்களிலும் நாங்கள் இருவரும் நல்ல சுகம் என்று எழுதியிருந்தேன். அது பாதிப் பொய். எனக்கு ஒன்றும் இல்லை. மிதுஷாவுக்கும் காய்ச்சல், தடிமன் இல்லை. புட்டும் வாழைப்பழமும் குழைத்துக் கொடுத்தால் கோப்பை காலியாகும். ஆனால் பிள்ளை கதைப்பதை நிறுத்திவிட்டாள். இன்றோடு ஐந்து கிழமை. அம்மா, அப்பா, பால், பூனை, பஸ் என்று நீர் ஃபிரிட்ஜில் எழுதி ஒட்டிவிட்டுப் போன இருபத்திமூன்று சொல்லில் ஒன்றுகூட இப்போது வாயில் இல்லை. ஏதும் வேண்டுமென்றால் என் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறாள்.

இதை வாசித்ததும் உமக்கு என்மேல் கோபம் வரும். வரட்டும். நோர்வேக்கும் மேலே, கப்பலைத் தவிர வேறு வழியில்லாத தீவில் பறவை ஆராய்ச்சிக்குப் போய் இருக்கிறவருக்கு இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் ஒளித்தேன். ஒரு நாள் உங்கள் நிலையத்துச் செய்மதித் தொலைபேசிக்கு அடித்தேன். எடுத்தவர் அவசரமா என்று கேட்டார். பிள்ளை விழவில்லை, நோயில்லை, அழக்கூட இல்லை. இதை அவசரம் என்று எந்த வாயால் சொல்வது? இல்லை என்று சொல்லி வைத்துவிட்டு, வேலை வான் வண்டிக்குள் இருந்து அழுதேன்.

நடந்ததைச் சொல்கிறேன். குளிக்கப் போகுமுன் நெற்றிப் பொட்டைக் கழற்றிக் கண்ணாடியில் ஒட்டுவது உம்முடைய பழக்கம்; அதற்கு நான் எத்தனை தரம் சண்டை பிடித்திருப்பேன். நீர் போன அன்று அதில் ஆறு பொட்டு இருந்தது. மிதுஷா ஒவ்வொரு காலையும் என் இடுப்பில் இருந்தபடி ஒவ்வொன்றாகத் தொட்டு, ஆறு தரம் அம்மா என்று சொல்வாள். அதன் பிறகுதான் முகம் கழுவ விடுவாள். இரண்டாவது கிழமை எட்மண்டனிலிருந்து ஜெயகௌரி அக்கா உதவிக்கு வந்தா. என் அக்கா ஒரு வீட்டுக்குள் வந்தால் முதலில் கேட்பது தேத்தண்ணி இல்லை, வீடு கூட்டத் தும்புத்தடி. நான் வேலையால் வரும்போது கண்ணாடி பளபளத்தது. அடுத்த நாள் காலை பிள்ளை கண்ணாடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நீட்டிய விரலை மடக்கிக்கொண்டாள். அன்றைக்குப் பிறகு சொல் வரவில்லை.

அக்காமேல் பிழை சொல்லமாட்டேன். விஷயம் தெரிந்ததும் செருப்பில்லாமல் குப்பைத் தொட்டிக்கு ஓடினா. கவுன்சில் லொறி வந்து போய்விட்டது. பொட்டுத்தான் காரணம் என்றும் சொல்லமாட்டேன். வயர் இழுக்கிறவனுக்கு இதெல்லாம் என்ன தெரியும்?

இனி உம்முடைய கடற்காகத்தின் கதை. காகம் என்று பெயர், ஆள் வெள்ளை வெளேர். நீர் எழுதிய மூன்று பக்கத்தையும் நான் பாடமாக்கிவிட்டேன். முதுகு வெளிறிய சாம்பல், செட்டை நுனியில்கூடக் கறுப்பு இல்லை, கால் ரோசா நிறம், மஞ்சள் சொண்டின் கீழ்ப்பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. செட்டையை விரித்தால் கிட்டத்தட்ட என் உயரம். கடலோரச் செங்குத்துப் பாறையில் பாசியும் புல்லும் வைத்துக் கூடு, அநேகமாக மூன்று முட்டை, நாலு கிழமை அடை. மற்றப் பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் களவெடுத்துத் தன் குஞ்சை வளர்க்குமாம். நல்ல சம்பந்தம்தான் பிடித்திருக்கிறீர்.

எனக்கும் இங்கே ஒரு சோடி கிடைத்திருக்கிறது. ஒரு பழைய கட்டடத்துக் கூரையில் சோலார் பூட்டப் போனோம். ஏசிப் பெட்டிக்குப் பக்கத்தில் கூடு. இவைக்குச் செட்டை நுனி கறுப்பு, அதனால் உம்முடைய ஆட்களுக்குத் தூரத்துச் சொந்தம் மட்டுமே. குஞ்சு பறக்கும்வரை கூட்டைத் தொட ஏலாது, சட்டம். எங்கள் முதலாளி தர்சிகன் தலையில் கை வைத்தான். எனக்கு உள்ளுக்குள் சந்தோசம். சாப்பாட்டு நேரத்தில் கூரைக் கதவோரம் நின்று பார்ப்பேன். நீர் எழுதியபடியேதான் நடக்கிறது. குஞ்சு தாயின் சொண்டிலுள்ள சிவப்புப் புள்ளியைக் கொத்துகிறது, தாய் இரையைக் கக்கிக் கொடுக்கிறது.

அதைப் பார்த்த அன்றே டூட்டிங்கில் தமிழ்க் கடைக்குப் போய், அதே சிவப்பு, அதே அளவு என்று தேடி ஒரு பொட்டு அட்டை வாங்கினேன். ஆறையும் அதே இடங்களில் ஒட்டிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினேன். பார்த்தாள். தொடவில்லை. நான் தொட்டுத் தொட்டு அம்மா என்று சொல்லிக் காட்டினேன். முகத்தை என் தோளுக்குள் புதைத்துவிட்டாள். சிவப்புப் பூசிய தடியை நீட்டினாலும் கடற்காகக் குஞ்சு கொத்தும் என்று எழுதியிருந்தீர். எங்கள் பிள்ளை கொத்தவில்லை, மயூரா. அவளை ஏமாற்ற ஏலாது.

டொக்டரிடம் காட்டினேன். காது நன்றாகக் கேட்கிறது. ஆனால் வந்த சொற்களைப் பிள்ளை விடுவதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது என்றா. யூலை பதினேழாம் தேதி, வியாழக்கிழமை, குழந்தைகளின் பேச்சைப் பார்க்கும் நிபுணரிடம் நேரம் கிடைத்திருக்கிறது. தாயும் தகப்பனும் வந்தால் நல்லது என்று கடிதத்தில் போட்டிருக்கிறார்கள். அதை ஃபிரிட்ஜில் உம்முடைய இருபத்திமூன்று சொல்லுக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை ஆர்ச்வே முருகன் கோவிலில் பிள்ளையின் பெயருக்கு அருச்சனை செய்தேன். என் அம்மாவின் சிநேகிதி கமலாம்பிகை மாமி வரிசையில் நின்றபடியே, தாய் குருவி எண்ணப் போனால் பிள்ளை இப்பிடித்தான் இருக்கும் தம்பி, பொம்பிளையை வரச்சொல்லும் என்றா. நான் விடவில்லை. மாமி, அந்தப் பறவையிலை ஆம்பிளையும் முறை வைச்சு முட்டையிலை குந்தும், நான் என்ரை முறைக்குக் குந்திறன் என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ரெயினில் வீட்டுக்கு வரும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாமியின் வாய்க்குப் பயந்து உம்மைக் கூப்பிடுகிறேன் என்று மட்டும் நினைக்க வேண்டாம். பழுப்பு இறகோடு பறக்கத் தொடங்குகிற குஞ்சு வெள்ளையாக நாலு வருசம் எடுக்கும், காலில் வளையம் போட்ட குஞ்சுகள் அந்தப் பாறைக்குத் திரும்பி வருகிறதா என்று பார்க்க இன்னும் நாலு கோடைக்கு நிலையத்தில் வரச்சொல்கிறார்கள், ஓமா இல்லையா என்று கேட்டிருந்தீர். முதலில் ஏலாது என்று எழுதிக் கிழித்தேன். பிறகு ஓம் என்று எழுதினேன்; பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டு அதையும் கிழித்தேன். வடநோர்வேயில் மீன் ஃபக்டரி வாசலில் உம்முடைய அப்பாவுக்குக் காத்து நின்ற ஏழு வயதில் இந்தப் பறவைக்குப் பின்னால் திரியத் தொடங்கியவர் நீர். மிதுஷாவுக்காக மூன்று வருசம் அந்த ஆராய்ச்சியை மூடி வைத்தீர். ஒரு நாள்கூட முகம் சுளிக்கவில்லை. நான் அதை மறக்கிறவன் இல்லை.

இந்தக் கடிதம் யூலை ஒன்பதாம் தேதிக் கப்பலில் உம்மிடம் வரும். அந்தக் கப்பல் அடுத்த நாளே திரும்புகிறது; அதில் ஏறினால் பதினேழாம் தேதிக்கு முதல் வீட்டுக்கு வந்துவிடலாம். முட்டைகள் பொரிக்கிற கிழமை அதுதான். முதல் இரண்டு கிழமையில்தான் குஞ்சுகள் அதிகம் சாகும், அந்த எண்ணிக்கையை விட்டால் இந்த வருசத்து வேலை முழுதும் வீண். நீர் எழுதியதை நான் ஒழுங்காக வாசித்திருக்கிறேன். தெரிந்துகொண்டுதான் கேட்கிறேன்.

அக்கா சுகம் கேட்கச் சொன்னா. கண்ணாடியைப் பற்றி உமக்கு எழுத வேண்டாம் என்று கெஞ்சினா. எழுதிவிட்டேன், வந்து அவவை ஏச வேண்டாம்.

பாறையில் காலைப் பார்த்து வையும். முருகன் உமக்குத் துணை நிற்பார். நாலு கோடைக்கும் என் பதில் ஓம். ஆர் என்ன சொன்னாலும் பிள்ளையை நான் பார்த்துக்கொள்வேன். இந்த ஒரு கப்பலை மட்டும் விட்டுவிடாதையும்.

உம்முடைய
பிரதாபன்