பெரிய மிருதங்கம் போன இடம்

நவம்பர் 3, திங்கள்

இன்றும் உப்புமா இல்லை. இருந்த ரவையைக் குழைத்து, வாசிக்கும்போது நாதம் கனமாக வர, அப்பா மிருதங்கத்தின் இடது பக்கத்தில் அப்பிவிட்டார். "இந்த ஆத்துல சாப்பிடறது நாமளா, அதுவா?" என்றாள் அம்மா. அது சாப்பிட்டுவிட்டு உழைக்கிறது, நான் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறேன், நியாயம்தான் என்றேன். யாரும் சிரிக்கவில்லை. பதினைந்தாம் தேதி சபா விழா. பதினோரு வருஷமாக அதில் ஹம்சா மாமி பாட்டு, அப்பா மிருதங்கம்.

நவம்பர் 6, வியாழன்

சபா செக்ரட்டரி சேஷன் மாமா வந்தார். சர்க்கார் குடிசைகளை இடித்த இடத்தில் ஹம்சா மாமி போன மாதம் தெருவில் உட்கார்ந்து பாடினாரே, அந்த வீடியோவை மேலிடத்தில் யாரோ பார்த்துவிட்டார்களாம். விழாவில் அவர் பாடினால் சபாவின் மானியம் 'பரிசீலனை'க்குப் போகுமாம்.

"எழுத்துல ஒண்ணும் கிடையாது கௌதமா. ஃபோன்லதான் சொன்னா" என்றார் அப்பாவிடம்.

மேலிடம்னா எந்த மாடி மாமா, என்று கேட்டேன். அப்பா முறைத்தார்.

ஹம்சா மாமிக்குப் பதில் சென்னையிலிருந்து ஒருவர் பாடுவார். அப்பா வாசிக்க வேண்டும். சபாவில் அப்பா எடுக்கும் மிருதங்க வகுப்பு அந்த மானியத்தில்தான் ஓடுகிறது. வகுப்பால் நாங்கள் ஓடுகிறோம்.

"பாக்கறேன்" என்றார் அப்பா.

நவம்பர் 7

பார்க்கிறார். சுவரை.

நவம்பர் 10, திங்கள்

வயலின் பத்ரி மாமாவுக்கு ஜுரம். சரியாகப் பதினைந்தாம் தேதி வரை இருக்குமாம், இப்போதே தெரிந்துவிட்டது. கடம் வேதாந்தம் மாமாவுக்கு ஊரில் கல்யாணம். யாருக்கு என்று அவருக்கே தெரியவில்லை.

"எல்லாரும் வரலைங்கறா. ஏன்னு ஒருத்தரும் சொல்லலை" என்றார் அப்பா.

"சரி, நீங்களும் முதுகுவலின்னு சொல்லிடுங்கோ. வேலையும் தங்கும், மானமும் தங்கும்." இது அம்மா.

"ஹம்சா ஒரு ஃபோன் பண்ணித் திட்டினாக்கூடத் தேவலை."

ஹம்சா மாமி ஃபோனே செய்யவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

ஹம்சா மாமியின் சுருதி ஐந்தரைக் கட்டை. அதற்குச் சின்ன மிருதங்கம். சென்னைக்காரருக்கு ஒரு கட்டை, அதற்குப் பெரியது. ஒருவருடையதை வைத்து மற்றவருக்கு வாசிக்க முடியாது.

பெரியது இப்போது என் கட்டிலுக்கு அடியில், குளிருக்குப் போர்த்தும் ரஜாய்க்குள், நாப்தலின் வாசனையோடு தூங்குகிறது. என் சேட்டைகளிலேயே இதுதான் தலைசிறந்தது. முதல்முறையாக நல்ல காரியத்துக்கு.

நவம்பர் 15, சனி

மதியமே அப்பா கண்டுபிடித்துவிட்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன். கட்டிலருகே தரையில் உட்கார்ந்துகொண்டார்.

"மிருதங்கத்தைக் காணோம்னு நான் போகாம இருந்தா, அதுவும் ஒரு ஜுரம்தானேடி?"

ரஜாயைப் பிரித்து மிருதங்கத்தை வெளியே எடுத்தேன்.

கீழே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். பெரிய மிருதங்கத்தைத் தூக்கிக்கொண்டு அப்பா இறங்கிப் போனார்.

போயிட்டாரே. நிஜமாவே வாசிக்கப் போறாரா? ஹம்சா மாமி மூஞ்சில இனிமே எப்படி முழிக்கறது —

ஏழரை மணி: திரும்பி வந்துவிட்டார். செருப்பைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் மெதுவாக உறையைத் திறந்து இடது பக்கத்தைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்து கிடந்தது. ரவை பட்ட ஈரமே இல்லை.

"சேஷன்கிட்ட நேர்லயே சொல்லிட்டேன். எனக்கு ஜுரம் இல்லை, மிருதங்கமும் கையில இருக்கு, ஹம்சாவை நீக்கின மேடைல வாசிக்கறதுக்கில்லைன்னு."

"அவர் என்ன சொன்னார்?" என்றாள் அம்மா.

"தண்ணி குடுத்தார்."

நவம்பர் 24, திங்கள்

அப்பாவின் வகுப்பு 'தற்காலிகமாக' நிறுத்தம். இதுவும் ஃபோன்லதான்.

டிசம்பர் 2

அப்பா வீட்டில் இருக்கிறார். வீடு சின்னதாகிவிட்டது. சேட்டை எதுவும் தோன்றவில்லை.

டிசம்பர் 14, ஞாயிறு

சோபாவை பால்கனிக்குத் தள்ளிவிட்டு, எங்கள் கூடத்தில் ஹம்சா மாமி பாடினார். மைக் கிடையாது. பதினாறு பேர், பாதிப் பேர் இருமலோடு. அப்பா சின்ன மிருதங்கம் வாசித்தார்.

ஆரம்பிக்கும் முன் பத்ரி மாமா வயலின் பெட்டியோடு வந்து வாசலிலேயே நின்றார். ஜுரம் விட்டுடுத்தா மாமா என்று கேட்க வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "உள்ள வாங்கோ மாமா" என்றேன்.

அப்பாவுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. அம்மா நேற்று ஐ.என்.ஏ. மார்க்கெட்டிலிருந்து இரண்டு பாக்கெட் ரவை வாங்கி வந்தாள். ஒன்றின் மேல் பேனாவால் 'மிருதங்கம்' என்று எழுதி, தனியாக வைத்திருக்கிறாள்.