வாணிக்கு எடுத்த ஸ்கேன்

ஐப்பசி 11, திங்கள்

விடியலிலிருந்து மழை. கோவில்பத்து முழுக்கச் சேறு. என் வேட்டியில் மட்டும் ஒரு துளி இல்லை. நடை அப்படி.

வாணிக்கு (அக்கா மகள், அம்பகரத்தூர் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர்) வலது அக்குளில் மறுபடி கட்டி. ஆறு வருடமாக வருவதும் உடைவதும். சூட்டுக் கட்டி என்று முதலில் கண்டுபிடித்தவன் நான். டாக்டரம்மா அப்படி இல்லை என்கிறார். தோலுக்குள் நாள்பட்ட அழற்சியாம். தொற்றாதாம், லேசில் போகவும் போகாதாம். நாளை ஸ்கேன். உள்ளே எவ்வளவு பரவியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் மாத்திரையா ஊசியா என்று முடிவு.

தோலுக்கு ஸ்கேன் உண்டு என்று எனக்கு இன்றுதான் தெரியும். டீக்கடையில் காட்டிக்கொள்ளவில்லை. கப்பல் அடியில் ஓட்டை பார்க்கிற மெஷினின் தம்பி என்றேன். ஐந்து பேர் வாயைப் பிளந்தார்கள். ஏழு என்றும் சொல்லலாம்.

வாணி போர்டில் இடது கையால் எழுதுவதையும் வழக்கம்போல் பெருமையாக அளந்துவிட்டேன். இரண்டு கையாலும் எழுதுகிற டீச்சர் காரைக்கால் முழுக்க இவள் ஒருத்திதான். தாய்மாமன் ரத்தம்.

நாளைக்கு: பழைய மருந்துச் சீட்டுகள், துண்டு, குடை 2.

ஐப்பசி 12, செவ்வாய்

மழை விட்டு விட்டு. குடையில் ஒரு கம்பி போயிற்று.

ஆஸ்பத்திரியில் திரைக்கு உள்ளே வாணியும் டாக்டரம்மாவும். வெளியே ஸ்டூலில் நான். கேள்வி உள்ளேயிருந்து, பதில் வெளியேயிருந்து. காது குத்தின நாளிலிருந்து அவளுக்காகப் பேசுவது நான்தான். வலி பத்துக்கு எத்தனை என்றார். எப்போதும் சொல்வதையே சொன்னேன்.

"ரெண்டுதாங்க. எங்க வீட்டுப் புள்ள தாங்கும்."

ஜெல் சில்லென்று இருக்கிறது என்றாள் வாணி. கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொன்னார் டாக்டர்.

"இதுக்கு மேல வராது டாக்டர்."

எத்தனை நாளாக என்று கேட்டார்.

"ரெண்டு வருஷமா. அதான் போர்டுல இடது கையால எழுதுறேன்."

டீக்கடை ஞாபகம் வந்தது.

அப்புறம் என்னையும் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினார். தோலுக்கு மேலே மூன்று கட்டி. அடியில் மூன்றும் ஒரே கறுப்புப் பாதை. வரப்பில் நண்டு வளை மாதிரி என்றேன், வெளியே மூன்று வாய், உள்ளே ஒரே வழி. அப்படியேதான் என்றார். (எழுதி வைத்துக்கொண்டார் என்று ஊரில் சொல்லலாம். எழுதவில்லை.)

"ஒவ்வொரு தடவையும் நீங்க ரெண்டுன்னே சொன்னீங்க. நானும் மாத்திரையே போதும்னு இருந்துட்டேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஊசிதான் போட வேண்டுமாம்.

பஸ்ஸில் அவளுக்கு ஜன்னல் ஓரம் கொடுத்தேன்.

ஐப்பசி 14, வியாழன்

வெயில். துணி காய்ந்தது. திருவேட்டக்குடி மீன்காரம்மாவிடம் சங்கரா மீன், நல்ல புதுசு. டீக்கடைக்குப் போகவில்லை. கடைக்காரர் வழியில் பார்த்து, ரெண்டு கை டீச்சர் சௌக்கியமா என்றார். சௌக்கியம் என்றேன். வேறென்ன சொல்வது.

மாலையில் அடுப்படியில் அக்காவின் குரல். ஏன்டி இத்தனை நாள் சொல்லவில்லை என்று.

"மாமா ஊரெல்லாம் அவ்வளவு பெருமையா சொல்லிக்கிட்டிருந்தாங்க. எப்படிம்மா சொல்றது?"

மீன் குழம்பில் உப்பு சரியாக இருந்தது. சாப்பிட முடியவில்லை.

ஐப்பசி 25, திங்கள்

தூறல். புதுக் குடை. ரத்தப் பரிசோதனை எல்லாம் சரி, இன்று முதல் ஊசி. வாணி என்னை வர வேண்டாம் என்று சொல்லவில்லை. போனேன்.

அதே திரை. அதே ஸ்டூல். வலி பத்துக்கு எத்தனை என்று டாக்டர் கேட்டார். என் வாய் திறந்துவிட்டது. துண்டை வைத்து மூடிக்கொண்டேன். வெளியே ரோட்டில் ஒரு பஸ் வந்து, நின்று, ஆள் ஏற்றிக்கொண்டு போயிற்று. அத்தனை நேரம் பேசாமல் உட்கார்ந்த தாய்மாமன் இந்தக் காரைக்காலில் வேறு எவனும் இல்லை.

"எட்டு" என்றாள்.